உப்பைக் கழுவத் தண்ணீர் வேண்டாமா?

2025 ஜூலையில் மதுரையிலிருந்து ஒரு மினி லாரி ராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ள உச்சிப்புளிக்கு வந்து என் கடை வாசலில் நின்றது. உள்ளே பதினான்கு மேசைக் கணினிகள், பதினொரு எல்சிடி திரைகள், ஒரு சாக்கு நிறைய வயர்கள். அனுப்பியது ஒரு தனியார் அலுவலகம். அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொள்ளவிருந்தது. விண்டோஸ் 11-க்கு மாற வேண்டுமானால், இன்டெல் வகையில் எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். அவர்களிடம் இருந்ததோ மூன்றாம், நான்காம் தலைமுறை கோர் ஐ3. முந்தின வாரம் வரை சம்பளப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்த இயந்திரங்கள், தேதி நெருங்கியதால் பழையதாகிவிட்டன.

அந்தப் பதினான்கில் பத்தைச் சரிசெய்து, கடலோர ஊர்களில் புதுக் கணினி வாங்க வழியில்லாத வீடுகளுக்கும் ஒரு மாலை வகுப்புக்கும் கொடுத்தோம். பத்தில் நான்கு பொங்கலுக்குள் படுத்துவிட்டன. ஏன் படுத்தன என்று புரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு மழைக்காலமும் ஓர் உப்பளத் தொழிலாளியும் தேவைப்பட்டார்கள். இதே கரையில் இதே வேலையைத் தொடங்க நினைக்கிறவர்கள் அந்த மழைக்காலத்தையாவது மிச்சம் பிடிக்கட்டும் என்றுதான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நாங்கள் நால்வர். பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் நான். மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். பாலிடெக்னிக் கடைசி ஆண்டு படிக்கும் ஒரு தம்பி. பெரியபட்டினத்தில் மாலை வகுப்பு எடுக்கும் ஓர் அக்கா. குழுவுக்குப் பெயர் கிடையாது, ரசீதுப் புத்தகமும் கிடையாது. கடைக்குப் பின்னால் முன்பு வலை போட்டு வைத்திருந்த ஓர் அறை காலியாக இருந்தது. அதுதான் பட்டறை.

லாரியில் வந்தவை

மதுரைத் தூசி நல்ல தூசி. காய்ந்த செம்மண் பொடி, ஊதினால் போய்விடுகிறது. ஒவ்வொரு பெட்டியையும் திறந்து புளோயரால் ஊதி, நினைவகத் தகடான ராமைக் கழற்றி மாட்டி, இரவு முழுவதும் நினைவகச் சோதனையை ஓடவிட்டோம். இரண்டு பெட்டிகளில், கணினிக்கு மின்சாரம் பிரித்துத் தரும் எஸ்எம்பிஎஸ் உள்ளே கெப்பாசிட்டர்கள் தலை உப்பியிருந்தன. இரண்டில் மதர்போர்டே பேசவில்லை. அந்த நான்கையும் உதிரிக்கு வைத்துக்கொண்டு மற்ற பத்தைத் தேற்றினோம். அன்றைக்கு நாங்கள் கண்ட ஒரே ‘உப்பு’ அந்தக் கெப்பாசிட்டர் உப்பியதுதான்.

ஹார்டு டிஸ்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் அனுப்பியதாக அலுவலகத்தில் சொன்னார்கள். தம்பி ஒரு டிஸ்கை எடுத்து மீட்பு மென்பொருளை ஓட்டினான். பத்து நிமிடத்தில் யாரோ ஒருவருடைய ஆதார் நகல் திரையில் வந்து நின்றது. கோப்பை அழிப்பது என்பது வீட்டுச் சுவரில் கதவு எண்ணைச் சுரண்டி எடுப்பது. வீடு அப்படியேதான் இருக்கும். டிஸ்க் முழுவதையும் ஒருமுறை பூஜ்யங்களால் எழுதி நிரப்பினால்தான் வீடு போகும். பதினான்கையும் அப்படி நிரப்பிவிட்டு அலுவலகத்துக்குத் தகவல் சொன்னோம். நன்றி சொன்னார்கள், குரலில் கொஞ்சம் கலவரம் இருந்தது.

பழைய டிஸ்குகளை ஓரமாக வைத்துவிட்டு, பத்துக்கும் சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி, சிறியதாக ஒன்று போட்டோம். எங்கள் செலவில் பெரும்பகுதி இதற்குத்தான் போனது, அதில் எனக்கு வருத்தம் இல்லை. பழைய கணினியை வேகமாக்க ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால், யோசிக்காமல் எஸ்எஸ்டியை வாங்குங்கள். ராமை அடுத்து பார்த்துக்கொள்ளலாம்.

பீரோவில் இருந்தவை

லாரிச் சரக்கைப் பார்த்த அக்கா, “இதற்கு மதுரை வரை போக வேண்டுமா? எங்கள் தெருவிலேயே பத்துப் பதினைந்து கிடக்கிறதே” என்றார். அவர் சொன்னது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளை. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய திட்டம் அது. அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருந்த வீட்டில் எல்லாம் ஒன்று வந்து சேர்ந்தது. அது செத்த பிறகும் தூக்கிப்போட யாருக்கும் மனம் வருவதில்லை. பழைய புடவையில் சுற்றிப் பீரோவின் கீழ்த்தட்டில் வைத்துவிடுகிறார்கள்.

அவை சாகும் விதம் அநேகமாக ஒன்றுதான். முதலில் பேட்டரி போகும். பிறகு சார்ஜர் செருகியிருந்தால்தான் ஓடும். இழுத்து இழுத்துச் சார்ஜர் வயர் கழுத்தில் அறும். அதற்குள் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகியிருக்கும். புதுச் சார்ஜர் வாங்கிப்போட்டு யாருக்கு என்ன ஆக வேண்டும்?

ஒன்பது மடிக்கணினிகள் வந்தன. ஏழு எழுந்து உட்கார்ந்தன. ஒரு விதி வைத்துக்கொண்டோம்: எந்த வீட்டிலிருந்து வந்ததோ அந்த வீட்டுக்கே திரும்பப் போகும், கை மாறாது. இரண்டில் பேட்டரி வீங்கி விசைப்பலகையையே மேலே தள்ளியிருந்தது. அவற்றைக் குத்திவிடாமல் கழற்றி மணல் வாளியில் வைத்தோம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் லாரிச் சரக்கைவிட பீரோச் சரக்கு மலிவு. தனித் திரை வேண்டாம், மேசை வேண்டாம், மின்சாரம் பாதிதான் இழுக்கும். புதுப் பேட்டரி போட்டுவிட்டால் அதுவே யுபிஎஸ். இதைக் கணக்கில் பார்த்த பிறகும் நாங்கள் மேசைக் கணினிகளைத்தான் முதலில் கொடுத்தோம். லாரி வாடகை கொடுத்துக் கொண்டுவந்துவிட்டோம், அவ்வளவுதான் காரணம்.

இரண்டு மாதச் சண்டை

ஆகஸ்டும் செப்டம்பரும் இயங்குதளத்தைப் பற்றிச் சண்டை போடுவதிலேயே போயின. தம்பி இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் என்றான். அக்கா விண்டோஸ் என்றார். நான் இரண்டு பக்கமும் தலையாட்டினேன்.

அக்கா சொன்னதில் நியாயம் இருந்தது. அவரிடம் படித்த பெண்களில் சிலர் ஜெராக்ஸ் கடைகளில் தட்டச்சு வேலைக்குப் போகிறார்கள். அங்கே இன்னமும் பாமினி எழுத்துரு, வானவில் எழுத்துரு. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடாக யூனிகோட் வந்து இத்தனை வருடம் ஆகியும், மனு எழுதித் தரும் கடைகளில் பழைய எழுத்துருக்கள் அசைவதாக இல்லை. ‘அந்தக் கணினியில் பழகியவள் இந்தக் கணினியில் தடுமாறுவாளே’ என்பது அவருடைய கேள்வி. தம்பி அன்று இரவே பாமினியை லினக்ஸில் ஏற்றி, லிப்ரெஆபிஸில் ஒரு பட்டா மாறுதல் மனுவை அடித்துக் காட்டினான். யூனிகோடுக்கு 1999-இல் அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையையும் போட்டுவிட்டான். அக்கா மனுவைப் படித்துவிட்டு, “‘கனம் அய்யா’வில் ஒரு சுழி கூடிவிட்டது” என்றார். அதோடு அந்தச் சண்டை முடிந்தது.

விண்டோஸ் 11-ஐக் குறுக்கு வழியில் ஏற்ற முடியாதா என்று கேட்பீர்கள். முடியும். ஆனால் தகுதியில்லாத இயந்திரத்தில் ஏற்றினால் அடுத்தடுத்த புதுப்பிப்புகள் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி கொடுப்பதில்லை. வலிநோக்கத்தில் ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்த கணினி பாதி ராத்திரியில் புதுப்பித்துக்கொண்டு மறுநாள் எழவில்லை என்றால் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் யார் ஓடுவது? அதைவிட முக்கியம் டேட்டா. அந்த வீடுகளில் இணையம் என்பது அண்ணன் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட். ஒரு நாள் ஒதுக்கீட்டைப் புதுப்பிப்பு விழுங்கிவிட்டால் அண்ணன் சும்மா இருப்பாரா? எல்லாவற்றிலும் லினக்ஸ் மின்டின் இலகுவான வடிவத்தைப் போட்டு, தானாகப் புதுப்பிக்காதபடி நிறுத்தி, ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை பாடநூல்களின் பிடிஎஃப், இணையமில்லாமல் படிக்கும்படி கிவிக்ஸ் என்ற செயலியில் தமிழ் விக்கிப்பீடியா, இரண்டையும் உள்ளே வைத்துக் கொடுத்தோம்.

இவ்வளவும் சரியாகத்தான் செய்தோம். மழைக்காலத்தில் படுத்த ஏழு இயந்திரங்களில், நான்கு மேசைக் கணினியும் மூன்று மடிக்கணினியும், ஒன்றுகூட மென்பொருளால் படுக்கவில்லை. இரண்டு மாதம் எதைப் பற்றிப் பேசியிருக்க வேண்டுமோ அதைத் தவிர மற்றதையெல்லாம் பேசியிருக்கிறோம்.

கடிக்கிற கணினி

முதல் புகார் பாம்பனிலிருந்து வந்தது. பிளஸ் ஒன் படிக்கும் பெண். “அண்ணா, கணினி கடிக்கிறது.”

பெரியவர் டெஸ்டரோடு கிளம்பினார். பெட்டியின் பின்பக்கத் தகட்டில் வைத்ததும் டெஸ்டர் விளக்கு எரிந்தது. பெண்ணின் அம்மா முகம் வெளுத்துப்போனது. எஸ்எம்பிஎஸ் உள்ளே மின்சாரம் நுழையும் இடத்தில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்னக் கெப்பாசிட்டர்கள் உண்டு. ஒன்று பேஸிலிருந்தும் மற்றது நியூட்ரலிலிருந்தும் வந்து பெட்டித் தகட்டில் சேரும். எர்த் சரியாக இருந்தால் அதில் கசிவது மண்ணுக்குள் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் பாதியளவு தகட்டிலேயே தொங்கிக்கொண்டு நிற்கும். மின்னோட்டம் மிகச் சிறியது. ஆளைக் கொல்லாது, சுர்ரென்று இழுக்கும். ஈரக் காலோடு தரையில் நின்று தொட்டால் கடிக்கிற மாதிரியே இருக்கும்.

அந்த வீட்டில் மீட்டர் வரை எர்த் கம்பி வந்திருந்தது. அங்கிருந்து பிளக் பாயின்ட்டுக்கு இழுக்கவில்லை. மூன்று துளை உள்ள சாக்கெட்தான். மேல் துளை அழகுக்கு இருந்தது. பெரியவர் கம்பி இழுத்தார். வெளியே எர்த் குழியைப் பார்த்தார். மணல் காய்ந்து கிடந்தது. கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். உப்பு ஈரத்தை விடாமல் பிடித்து வைத்திருக்கும், அதனால்தான் எர்த் குழியில் போடுகிறோம் என்று அந்தப் பெண்ணுக்கு விளக்கிச் சொன்னார். நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். கேட்டும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

அதற்குப் பிறகு பிளக் பாயின்ட்டைப் பார்க்காமல் எந்த வீட்டுக்கும் பெரியவர் கணினி கொடுக்கவிடவில்லை.

பணம் வாங்கலாமா, வேண்டாமா என்பதும் ஒரு கேள்வியாக இருந்தது. ஆறு வீடுகளில் எஸ்எஸ்டி விலையை மட்டும் தவணையாக வாங்கினோம். விசைப்படகுக்குப் போகும் வீடுகளில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, தடைக்காலம் 61 நாளும் தவணை கேட்பதில்லை என்று பேச்சு. மற்ற நான்கையும் சும்மா கொடுத்தோம். இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. பணம் கொடுத்தவர்கள் பழுதானதும் உரிமையோடு போன் செய்தார்கள். சும்மா வாங்கியவர்கள் கூச்சப்பட்டுக்கொண்டு வாயே திறக்கவில்லை. இரண்டு கணினிகள் மாதக்கணக்கில் செத்துக் கிடந்தது எங்களுக்குத் தெரியவே தெரியாது.

ஐப்பசி

மழை தொடங்கிய இரண்டாவது வாரம். தங்கச்சிமடத்திலிருந்து போன். “அண்ணே, நெட் வரவில்லை. தேர்வுக்கு விண்ணப்பம் போட வேண்டும்.” போய்ப் பார்த்தேன். நெட் வந்துகொண்டுதான் இருந்தது. கணினியின் கடிகாரம் ஏதோ ஒரு பழைய தேதியைக் காட்டிக்கொண்டிருந்தது. தேதி தப்பாக இருந்தால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழை உலாவி ஏற்றுக்கொள்ளாது. எந்தப் பக்கமும் திறக்காது. மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ சிமாஸ் பேட்டரி தீர்ந்துபோனால் இப்படி ஆகும். மூன்று வோல்ட், சிஆர்2032, எந்தக் கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும். மாற்றிவிட்டு வந்தேன்.

மூன்று வாரத்தில் அதே வீட்டிலிருந்து அதே போன். புது பேட்டரியும் தீர்ந்திருந்தது. பல வருடம் வர வேண்டிய பேட்டரி. போலிச் சரக்கு என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு வேறொன்று போட்டேன். கணினி நாக்கை நீட்டிக் காட்டியிருக்கிறது. நான் பார்க்காமல் வந்துவிட்டேன்.

பிறகு ஒவ்வொன்றாக விழுந்தன. மின்விசிறி சுற்றும், திரையில் ஒன்றும் வராது. ராமைக் கழற்றி, பள்ளிக்கூட ரப்பரால் அதன் பொன்னிறக் கால்களைத் தேய்த்துத் திரும்ப மாட்டினால் ஓடும். ஒரு வாரத்தில் மறுபடியும் இருட்டு. ரப்பரால் தேய்ப்பது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது. தேய்க்கத் தேய்க்கப் பொன் முலாமும் கூடவே போகிறது என்பதை யாரும் சொல்வதில்லை.

ஒரு மதர்போர்டைக் கழற்றிக்கொண்டு வந்து கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். ராம் மாட்டும் பள்ளத்தின் ஓரத்தில், நெட்வொர்க் சில்லின் கால்களுக்கு நடுவே, குளத்துப் பாசி போல மெல்லிய பச்சைப் படலம். கால்களில் சில வெள்ளை பூத்திருந்தன. அந்த ஓரத்தில் மட்டும் போர்டு பார்வைக்கே ஈரமாக இருந்தது, வியர்த்த மாதிரி. பட்டறையில் இரண்டு நாள் ஃபேனுக்கு அடியில் இருந்த போர்டு அது.

இந்தப் பக்கத்தில் பாக் நீரிணையைப் பெண் கடல் என்பார்கள், மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்பார்கள். வருடத்தில் பெரும்பகுதி பெண் கடல் அடங்கிக் கிடக்கும். வாடைக் காற்று தொடங்கினால் அதுவும் ஆடும். செத்த நான்கில் மூன்று, வடக்குப் பார்த்த வாசலோடு பெண் கடலுக்கு நேர் எதிரில் இருந்த வீடுகளில் இருந்தவை. பெரியபட்டினத்தில் மாலை வகுப்பில் வைத்த இரண்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது ஊருக்குள், தென்னந்தோப்புக்குப் பின்னால் இருக்கிறது.

நான்காவது என்னைக் குழப்பியது. அது கடலிலிருந்து தள்ளி இருந்த வீடு. அங்கே அம்மா கணினியைப் பொக்கிஷமாக வைத்திருந்தார். பட்டுப்புடவை பெட்டியிலிருந்து எடுத்த வெல்வெட் துணியால் மூடி, மகளுக்குத் தேர்வு இருந்தால் மட்டும் திறப்பார். இருந்தவற்றிலேயே பத்திரமாக இருந்தது அது. செத்ததும் அதுதான். அதே தெருவில் மூன்று பிள்ளைகள் அடித்துப் பிடித்து ராத்திரி பகலாக ஓட்டிய இன்னொன்று கல் மாதிரி நின்றது.

மடிக்கணினிகளிலும் மூன்று திரும்பி வந்தன. நாங்கள் விடவில்லை. 99 சதவீதத் தூய்மை என்று பார்த்துப் பார்த்து வாங்கிய ஐசோபுரோபைல் ஆல்கஹால், நாங்கள் ஸ்பிரிட் என்போம், அதில் பிரஷ்ஷைத் தோய்த்துத் தோய்த்துத் துடைத்தோம். பளபளவென்று ஆயின. மூன்றில் இரண்டு அடுத்த மழைக்கே மறுபடியும் படுத்தன. வீட்டுக்காரர்கள் லினக்ஸைத் திட்டினார்கள். அக்கா எதுவும் சொல்லவில்லை. அவர் சொல்லாததே கேட்டது.

பேட்டரித் தண்ணீர்

மார்கழியில் வலிநோக்கத்திலிருந்து ஓர் அண்ணன் மகளின் மடிக்கணினியை எடுத்துப்போக வந்தார். உப்பளத்தில் முப்பது வருடமாக வேலை பார்க்கிறவர். நான் மூடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். “என்ன ஊற்றுகிறீர்கள்?” ஸ்பிரிட் என்றேன். குனிந்து, மூடியின் உள்பக்கத்தில் விரலை இழுத்து, விரலை நாக்கில் வைத்தார்.

“உப்பு.”

(நீங்கள் இதைச் செய்யாதீர்கள். பழைய போர்டுகளின் ஈயப் பற்றில் உண்மையிலேயே ஈயம் இருக்கலாம்.)

“உப்பைக் கழுவத் தண்ணீர் வேண்டாமா, தம்பி?”

சிரித்தேன். எலக்ட்ரானிக்ஸ் பொருளில் தண்ணீர் பட்டால் போச்சு என்று அவருக்கு விளக்கினேன். அவர் மறுத்துப் பேசவில்லை. உப்பைப் பற்றி மட்டும் சொன்னார். பாத்தியிலிருந்து அப்போதுதான் வாரிய உப்பு கசியும், கையில் பிசுபிசுக்கும். அதை அம்பாரமாகக் குவித்து ஒரு மழை கண்டால் கசப்பு இறங்கிவிடும், பிறகு கசியாது. “உங்கள் பெட்டிக்குள் இருப்பது மழை காணாத உப்பு” என்றார். மகளின் மடிக்கணினியை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அன்று இரவு ஒரு கண்ணாடி டம்ளரில் ஸ்பிரிட்டை ஊற்றி, ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுக் கலக்கினேன். சுற்றி வந்து அடியில் உட்கார்ந்தது. மறுபடியும் கலக்கினேன். மறுபடியும் உட்கார்ந்தது. காலையில் வந்து பார்த்தேன்; அப்படியே இருந்தது. இந்தத் தொழிலுக்கு வந்து இருபது வருடம். எண்ணெய்ப் பிசுக்கும் பற்றவைத்த பசையும் ஸ்பிரிட்டில் போகும், உப்பு கரையாது. நாங்கள் இத்தனை நாளும் உப்பை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் பிரஷ்ஷால் தள்ளிக்கொண்டு இருந்திருக்கிறோம். தண்ணீர் கலந்த மட்டமான ஸ்பிரிட்டாக இருந்திருந்தால் கொஞ்சமாவது கரைந்திருக்கும். 99 சதவீதம் வாங்கியது எங்கள் பெருமை.

மற்றதெல்லாம் அதன் பிறகு தானாகப் புரிந்தது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். கடலோரத்தில் ராத்திரி ஈரப்பதம் அதைத் தாண்டுவது சாதாரணம். அந்த அண்ணன் ‘கசப்பு’ என்றது மக்னீசியம் குளோரைடை. அது 33 சதவீதத்திலேயே நீரை இழுக்கும். கடல் காற்றில் வரும் உப்பில் இரண்டும் கலந்திருக்கிறது. அதனால் போர்டில் படிந்த கடல் உப்பு கோடையிலும் முழுசாகக் காய்வதில்லை. மழைக்காலத்தில் உப்பு ஜாடி மாதிரி கசிகிறது. கசிந்த உப்புநீர் மின்சாரம் கடத்தும். இரண்டு கால்களுக்கு நடுவே பாலம் போடும், சிமாஸ் பேட்டரியை ராத்திரி முழுவதும் சொட்டுச் சொட்டாக உறிஞ்சும், செம்பை அரித்துப் பச்சையாக்கும். ஓடுகிற கணினி சூடாக இருக்கும், சூட்டில் ஈரம் படியாது. வெல்வெட்டுக்கு அடியில் குளிர்ந்து கிடந்த கணினிதான் நன்றாக ஊறியது. மேசைக் கணினியில் இரண்டு விசிறிகள் நாள் முழுவதும் கடல் காற்றை உள்ளே இழுத்து உப்பை வடிகட்டி வைத்துக்கொண்டு வெறும் காற்றை வெளியே விடுகின்றன. அதைவிட நல்ல உப்புப் பொறியை யாரும் செய்ய முடியாது.

தைப் பிறந்ததும் கழுவத் தொடங்கினோம். ஊர்த் தண்ணீர் ஆகாது. எங்கள் ஆழ்துளைத் தண்ணீரே பாதிக் கடல். இன்வர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுவதற்கு விற்கும் வாலை வடித்த நீர் ஐந்து லிட்டர் கேன் வாங்கினோம்.

முதலில் சிமாஸ் பேட்டரியைக் கழற்ற வேண்டும். அந்த மூன்று வோல்ட் இருக்கும்போது தண்ணீர் ஊற்றினால் மின்பகுப்பு நடந்து அரிப்பு அங்கேயே தொடங்கிவிடும். விசிறி, ஒலிபெருக்கி, வெப்பத் தகடு எல்லாம் வெளியே. எஸ்எம்பிஎஸ்ஸைத் தொடுவதில்லை, அதைத் தூசி தட்டுவதோடு சரி. போர்டைப் பிளாஸ்டிக் தட்டில் சாய்த்து வைத்து, மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷால் வடித்த நீரைத் தடவி, மேலிருந்து கீழே ஊற்றுகிறோம். இந்த இடத்தில் பெரியவர் ஒரு யோசனை சொன்னார். குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் விற்க வருகிறவர்கள் நீரில் கரைந்திருப்பதை அளக்கும், பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டரைத் தண்ணீரில் விட்டுப் பயமுறுத்துவார்களே, அதில் ஒன்றை வாங்கி, போர்டைக் கழுவி இறங்கிய நீரில் விட்டுப் பார்த்தார். கேனில் இருக்கும் நீர் 2 என்று காட்டும். தங்கச்சிமடத்துப் போர்டைக் கழுவிய முதல் நீர் 410 காட்டியது. இரண்டாவது நீர் 95. நான்காவதில்தான் ஒற்றை இலக்கத்துக்கு வந்தது. சுத்தம் என்பதை முதன்முறையாக எண்ணில் பார்த்தோம்.

கழுவி முடித்த பிறகுதான் ஸ்பிரிட். இப்போது அதன் வேலை அழுக்கெடுப்பது அல்ல. இடுக்குகளில் நிற்கும் நீரோடு கலந்து, அதையும் இழுத்துக்கொண்டு ஆவியாகிவிடும். பிறகு போர்டை ஓர் அட்டைப் பெட்டியில் வைத்து அறுபது வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டு ஒரு நாள் முழுவதும் விட்டுவிடுகிறோம், கோழிக்குஞ்சுக்குச் சூடு காட்டுவது போல. அரிசிப் பானைக்குள் வைக்கச் சொல்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அரிசி சோற்றுக்கு ஆகும்.

செத்த நான்கு மேசைக் கணினிகளில் மூன்று எழுந்தன. நான்காவதில் நெட்வொர்க் சில்லுக்கு அடியில் செம்புத் தடமே அறுந்துபோயிருந்தது. வெல்வெட்டுக் கணினி அது. திரும்பி வந்த மூன்று மடிக்கணினிகளில் இரண்டு எழுந்தன. எழாதவற்றின் போர்டுகளும் உப்பிய கெப்பாசிட்டர்களும் ஒரு சாக்கில் இருக்கின்றன. பழைய இரும்புக் கடைக்குப் போட்டால் கருவேலங்காட்டில் வயரை எரித்துச் செம்பெடுத்துவிட்டு மற்றதை அங்கேயே கொட்டிவிடுவார்கள். 2023 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும். சாக்கு நிறைந்ததும் மதுரை போகும் லாரியில் ஏற்ற வேண்டும்; இன்னும் நிறையவில்லை.

இப்போது

கடலைப் பார்த்த வீடுகளிலிருந்து மேசைக் கணினிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அவற்றுக்குப் பதில் அந்த வீட்டுப் பீரோவில் கிடந்ததைக் கழுவித் தருகிறோம். பீரோவில் எதுவும் இல்லாத ஒரு வீட்டில் மட்டும் கணினியை உள் அறைக்கு மாற்றி, காற்று உள்ளே நுழையும் துளைகளின் மேல் பழைய நைலான் காலுறையைக் கட்டிவிட்டோம். அந்த வீட்டுப் பெண் வாரத்துக்கு ஒருமுறை காலுறையைத் துவைத்துக் காயப்போடுகிறாள். பாம்பனில் பாசி எடுக்கப் போகும் பெண்களின் சுயஉதவிக் குழுவில் ஒருவர் வீட்டுப் பீரோவிலிருந்து வந்து திரும்பிப் போன மடிக்கணினியில் இப்போது யார் எத்தனை கிலோ என்ற கணக்கு ஏறுகிறது. அதைத் தினமும் அரை மணி நேரமாவது போட்டு வைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறோம். வேலை இல்லாத நாளில் பாட்டுப் போட்டுக் கேட்கிறார்களாம்.

வெல்வெட் துணிக்கார அம்மாவுக்கு வேறொரு கணினி கொடுத்தோம். மூடாதீர்கள் என்று நான்கு முறை சொல்லிவிட்டு வந்தேன். தூசி விழுமே என்றார். விழட்டும் அம்மா என்றேன். அவருக்குச் சமாதானம் ஆகவில்லை. நான் படி இறங்கும்போது துணியை மடித்துக் கையிலேயே வைத்திருந்தார்.

போன வாரம் தேவிபட்டினத்திலிருந்து ஒரு மடிக்கணினி வந்தது. தம்பி போர்டைக் கழற்றித் தட்டில் சாய்த்தான். பெரியவர் மீட்டரை விட்டார். முதல் நீர் 380. இரண்டாவது 70. மூன்றாவது 14.

“போதுமா மாமா?” என்றான் தம்பி.

பெரியவர் மீட்டரைத் துடைத்துக்கொண்டே கேனைக் காட்டினார். “இன்னும் ஒரு தடவை ஊற்று.”